பருத்திக் கிளை பிளவுறாதிருக்க: நுனி கிள்ளும் முறை பற்றிய ஒரு பாடம்

உழவு, விதை, உரம், நீர் ஆகிய பெரிய காரியங்களில் நம் விவசாய அங்கத்தினர்கள் செலுத்தும் கவனம் பெரிது. ஆனால் விரல் நுனியால் செய்து முடிக்கக்கூடிய சில சிறிய காரியங்கள் கவனிப்பாரற்று விடப்படுகின்றன. செடியின் நுனிக்குருத்தைக் காலமறிந்து கிள்ளுதல் அவற்றுள் ஒன்று. இவ்வேலையைச் செய்யாது விட்டதனால் கார்த்திகை மாதத்துக் காற்றில் பருத்திக் கிளைகள் அடியோடு பிளந்து சாய்வதும், சித்திரை மாதத்துச் சூறையில் முருங்கைக் கிளைகள் காயோடு முறிந்து விழுவதும் சேலம், நாமக்கல் சமவெளியில் ஆண்டுதோறும் காணும் காட்சிகளாகும். அந்த இழப்பு விவசாயியோடு நின்றுவிடுவதில்லை. நெசவாளியின் தறி வரையில் அது சென்று எட்டுகிறது. ஆகவே இவ்விரு தொழிலினரும் சேர்ந்து படிக்கவேண்டிய பாடமாக இதனை இங்கே எழுதலாயினோம்.

பழக்கமான ஓர் உதாரணம்

நுனியை அகற்றும் வேலை நமக்குப் புதியதன்று. காவிரிக் கரையிலுள்ள பரமத்தி வேலூர்ப் பகுதியின் வெற்றிலைக் கொடிக்கால்களை நினைத்துப் பாருங்கள். கொடி படர்வதற்காக வளர்க்கப்படும் அகத்தியின் பக்கக் கிளைகளை ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் வரையில் கழித்துவிடுகின்றனர். மரம் ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தை எட்டியதும் அதன் தலையை வெட்டிவிடுகின்றனர். கொடியையோ, 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு ஓர் இடமாக, வாழை நாரினால் தளர்வாகக் கட்டி ஏற்றுகின்றனர். எந்தச் செடி எவ்வளவு உயரவேண்டும், எந்தப் பக்கம் கிளைக்கவேண்டும் என்பதை மனிதனே தீர்மானிக்கும் தொழில் அது. அதே அறிவைப் பருத்திக் காட்டிலும் முருங்கைத் தோட்டத்திலும் நாம் ஏன் கையாளலாகாது என்பதே கேள்வி.

கிளை ஏன் பிளக்கிறது?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நெம்புகோல் விதி. ஒரு கிளையின் அடியில் விழும் இழுப்பு, அதிலுள்ள பாரத்தை மட்டும் பொறுத்ததன்று. அந்தப் பாரம் தண்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதையும் பொறுத்ததாகும். கிளையின் அடியிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் தொங்கும் 6 கிலோ காய், 1 மீட்டர் தூரத்தில் தொங்கும் 12 கிலோவுக்குச் சமமான இழுப்பை உண்டாக்கும். காற்று வீசும்போது இவ்விழுப்பு இன்னும் மிகுதியாகும்.

இரண்டாவது, கிளையின் பருமன். ஒரே வகைக் கட்டையில் ஒரு கொம்பு மற்றொன்றைவிட இரு மடங்கு பருமனாயிருந்தால், வளைவைத் தாங்கும் வலிமை இரண்டு மடங்காக அன்று, எட்டு மடங்காக உயர்கிறது. எனவே ஒல்லியாக நீண்டு ஓடிய கிளைக்கும், குட்டையாகப் பருத்த கிளைக்கும் வேறுபாடு மிகப் பெரிது. நெருக்கமாக நட்டு, தழைச்சத்தை அளவுக்கு மிஞ்சி இட்டு, அடிக்கடி நீர் பாய்ச்சிய வயலில் செடிகள் ஒளியைத் தேடி ஒல்லியாக உயர்வதை நாம் அறிவோம்.

மூன்றாவது காரணமே பலர் அறியாதது. கிளை தண்டோடு சேருமிடத்தில் உள்ள கோணத்தைக் கவனிக்கவேண்டும். அகன்ற கோணத்தில் பிரியும் கிளையைச் சுற்றித் தண்டின் கட்டை ஆண்டுக்கு ஆண்டு, சிறு செடியாயின் வாரத்துக்கு வாரம், வளர்ந்து கவ்விக்கொள்ளும். சுவரில் பதித்த முளை போல அது நிற்கும். குறுகிய கோணத்தில், கவைக்கொம்பு போல, ஒரே பருமனுள்ள இரண்டு கிளைகள் நெருங்கி எழுமாயின் அவற்றிற்கிடையே பட்டை அகப்பட்டுக்கொள்ளும். பட்டையும் பட்டையும் ஒட்டுவதில்லை. வெளிப்பார்வைக்கு ஒன்றாய்த் தோன்றினும் உள்ளே இணைப்பு இல்லை. பாரம் ஏறியதும் அக்கவை நடுவே பிளந்து, தண்டையும் கீழ்நோக்கிக் கிழித்துக்கொண்டு போகிறது.

நுனிக்குருத்தின் ஆட்சி

செடியின் உச்சியிலுள்ள குருத்து தனக்குக் கீழுள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. குருத்தில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருள் கீழ்நோக்கி இறங்குவதே இதற்கு ஒரு முக்கியமான காரணம். 1933ஆம் ஆண்டில் திமான், ஸ்கூக் என்னும் இரு அறிஞர்கள் அவரை இனச் செடி ஒன்றின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தபோது, பக்க மொட்டுகள் நுனி இருந்ததைப்போலவே அடங்கி நின்றதைக் காட்டினர். 2014ஆம் ஆண்டில் பட்டாணிச் செடியில் நடந்த ஆராய்ச்சி, இதனோடு மற்றொரு காரணத்தையும் சேர்த்தது. நுனி அகன்றவுடன் அது உண்டுவந்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது. அவை விழித்தெழுவதற்கு இதுவே முதல் தூண்டுதல் என்று அது கூறிற்று.

நமக்கு வேண்டிய முடிவு எளியது. நுனியைக் கிள்ளினால் உயரம் நிற்கும். உணவு பக்கத்துக்கும் காய்க்கும் திரும்பும். தண்டும் கிளையும் பருக்கும். காய்ப்பாரம் தண்டுக்கு அருகிலேயே அமையும்.

பருத்தியில் செய்யும் முறை

பருத்திச் செடியில் இரு வகைக் கிளைகள் உண்டு. அடிக்கணுக்களிலிருந்து நிமிர்ந்து எழுபவை தழைக்கிளைகள். இவை நேரே காய்ப்பதில்லை. தம்மேல் மீண்டும் கிளைத்தே காய்க்கும். ஏறத்தாழ 6 அல்லது 7ஆம் கணுவுக்கு மேல், வளைந்து வளைந்து படுக்கையாகச் செல்பவை காய்க்கிளைகள். பிளந்து விழுபவற்றுள் பெரும்பாலானவை தழைக்கிளைகளே. அவை குறுகிய கோணத்தில் எழுவதும், தாய்த்தண்டுக்குப் போட்டியாக நீள்வதும் இதற்குக் காரணம். ஆகவே செடி இளமையாயிருக்கும்போதே நெருங்கி எழுந்த தழைக்கிளைகளை நீக்கி, எதிரெதிர்ப் பக்கத்தில் அமைந்த ஒன்றிரண்டை மட்டும் விடுதல் நலம். விதைத்து 45 நாள் அளவில் மேலுரமிட்டு மண் அணைக்கும் வேலையைத் தவறாது செய்யவேண்டும். அணைத்த மண் செடியின் அடிக்கு முட்டுக்கொடுத்தது போலாகும்.

நுனி கிள்ளுவதற்குக் காலமும் கணுவும் உண்டு. இறவைப் பருத்தியில், சாதாரண இரகங்களுக்கு 15ஆம் கணுவுக்கு மேலுள்ள நுனியை, விதைத்து 70 முதல் 80 நாளில் கிள்ளவேண்டும். ஒட்டு வீரிய இரகங்களுக்கு 20ஆம் கணுவுக்கு மேல், 85 முதல் 90 நாளில் கிள்ளவேண்டும். கணுவை எண்ணும்போது வித்திலைகள் இருந்த கணுவை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததை ஒன்று என்று தொடங்குக. நம் பகுதியில் பயிராகும் டி.சி.எச். 32 என்னும் ஒட்டு இரகம் 1981இல் தார்வாரிலிருந்து வெளிவந்தது. நீண்ட இழையுடைய அந்த இரகம் உயர்ந்து வளரும் இயல்புடையதாதலின், அதற்கு இவ்வேலை மிகவும் தேவை.

கிள்ளவேண்டியது இளங்குருத்தை மட்டுமே. இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். சாணளவு முறித்தெறிவது செடிக்குக் கேடு. பனி உலர்ந்த பின் வேலையைத் தொடங்குக. ஈரத்தில் கிள்ளினால் புண்வழியே நோய் பரவ இடமுண்டு. நோயுற்ற செடிகளைக் கடைசியில் தொடுக. கிள்ளிய நுனிகளைப் பாத்தியில் போடாமல் கூடையில் சேர்த்து வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க. காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி இளங்குருத்துகளில் முட்டையிடுவதை விரும்புமாதலால், முட்டைகளிற் பலவும் அக்கூடையோடு ஒழியும். இஃது எதிர்பாராத இலாபம்.

சீன நாட்டின் பெரும் பருத்திப் பிரதேசமாகிய சின்ஜியாங்கில் இவ்வேலை பருத்திச் சாகுபடியின் இன்றியமையாத பகுதியாக நடைபெற்று வருகிறது. வளர்ச்சியை அடக்கும் மெபிக்குவாட் குளோரைடு என்னும் மருந்தைத் தெளிக்கும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. சிறு நிலமுடைய நமக்கு விரலே மலிவான கருவி.

எங்கே கிள்ளலாகாது?

எந்த முறைக்கும் எல்லை உண்டு. ஈரம் குறைந்து வளர்ச்சி தானே நின்றுவிட்ட மானாவாரிப் பருத்தியில் நுனி கிள்ளுவதனால் பயனில்லை; கூலியே நட்டம். குட்டையாகவும் விரைவாகவும் காய்த்து முடியும் இரகங்களில் பயன் மிகச் சிறிதாகவே இருக்கும். முன்கூட்டியே கிள்ளுவதோ வெளிப்படையான நட்டம். ஏனெனில் ஒவ்வொரு கணுவும் ஒரு காய்க்கிளையைத் தரவல்லது. 10ஆம் கணுவிலேயே கிள்ளுகிறவன், தான் விதைத்த மகசூலில் ஒரு பகுதியைத் தன் கையாலேயே எறிகிறவனாகிறான்.

ஆகவே பிறர் சொல்லை நம்பி முழு வயலிலும் தொடங்கவேண்டா. ஒரே சீரான மண்ணில் 10 வரிசையைக் கிள்ளியும், பக்கத்தில் 10 வரிசையைக் கிள்ளாமலும் விடுக. ஒவ்வோர் எடுப்பையும் தனித்தனியே சங்கத்துத் தராசில் நிறுத்துக் குறித்துவருக. விழுந்த கிளைகளையும் எண்ணுக. கூலியைக் கழித்துப் பார்த்தபின் அடுத்த ஆண்டு முடிவு செய்க. இந்தக் கணக்குக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பருவகாலப் பொறுமையுமே மூலதனம்.

பிளந்த கிளையும் நெசவாளியின் தறியும்

ஒரு கிளை பிளந்தால் அதிலுள்ள காய்களை எடுத்து உலர்த்தி மற்றப் பருத்தியோடு கலந்துவிடலாமே என்று சிலர் எண்ணுகின்றனர். நம் சங்கங்களுக்கு உண்மையான தீங்கு விளைவது இங்கேதான்.

பூ மலர்ந்து காய் வெடிக்க ஏறத்தாழ 50 முதல் 60 நாள் ஆகிறது. முதல் 25 நாளுக்குள் பஞ்சு இழை தன் முழு நீளத்தையும் அடைந்துவிடும். ஆனால் அப்போது அது மெல்லிய சுவருடைய வெற்றுக் குழாயே. அதன் பின்னரே சுவரின் உட்புறத்தில் நாளுக்கு ஒரு படலமாகச் செல்லுலோசு படிந்து இழை திண்மை பெறுகிறது. 30ஆம் நாளில் கிளை பிளந்து நீரோட்டம் அற்றுப்போனால், காய் வாடி வாய் திறக்கும். பஞ்சு வெண்மையாயிருக்கும், நீளமும் குறைவிராது, ஆனால் இழையில் சதைப்பற்று இராது.

இத்தகைய முதிராப் பஞ்சு ஆலையில் அரைபடும்போது சிக்குண்டு சிறு முடிச்சுகளாகிறது. நூல் நலிந்து, பாவு அடிக்கடி அறுகிறது. சாயத் தொட்டியில் இட்டாலோ, முதிர்ந்த இழை ஏற்கும் அளவுக்கு முதிரா இழை சாயத்தை ஏற்பதில்லை. நெய்து முடித்த சிவப்பு அல்லது நீலத் துணியில் வெண்புள்ளிகள் மினுக்கும். துணியைத் திருப்பி அனுப்புகிற வியாபாரி நெசவாளியைக் குறை கூறுகிறான். நெசவாளி சாயக்காரரைக் குறை கூறுகிறார். சாயக்காரர் நூலையும், ஆலைக்காரர் பஞ்சையும் குறை கூறுகின்றனர். குற்றத்தின் வேர் ஒரு வயலில், கவையாகப் பிளந்த ஒரு கிளையில் இருப்பதை யாரும் காண்பதில்லை. கூலி பிடிக்கப்படுபவரோ, இவர்களுள் மிகக் குறைந்த வருவாய் உடையவர்.

ஆகவே பிளந்த கிளையின் பருத்தியை நல்ல எடுப்போடு ஒருபோதும் கலக்கலாகாது. அதனைக் கொட்டுப் பருத்தியாகத் தனிச் சாக்கில் கட்டுக. திருச்செங்கோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் திருச்செங்கோட்டிலும் கொங்கணாபுரத்திலும் நடத்தும் ஏலங்களில் கொட்டு இரகத்துக்குத் தனி விலை உண்டு என்பது அங்கத்தினர் அறிந்ததே. கலந்து விற்றால் நல்ல பருத்தியின் விலையும் இறங்கும். பிரித்து விற்றால் இரண்டுக்கும் உரிய விலை கிடைக்கும். நாணயம் இங்கே இலாபத்துக்கு விரோதியன்று.

முருங்கையில் செய்யும் முறை

முருங்கையின் கட்டை மிக மென்மையானது. பிளவுறும் பயிர்களுள் அதற்கே முதலிடம் தரலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை, ஆண்டொன்றுக்கு மரத்துக்கு ஏறத்தாழ 220 காய் தரவல்லது. காய் ஒன்று 150 கிராம் எனக் கொண்டால் அது 33 கிலோவாகும். காய்கள் ஒரே சமயத்தில் தொங்குவதில்லை எனினும், ஒரு கிளையில் 40 காய் இருந்தாலே 6 கிலோ பாரம் ஏறிவிடுகிறது.

விதைத்து இரண்டு மாத அளவில் செடி 75 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடவேண்டும். இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணுதல் தவறு. நுனி போனவுடன் பல மொட்டுகள் ஒருங்கே எழும். அவற்றுள் இரண்டு மட்டும் சம பலத்தோடு கவையாக எழுந்தால், பிளவைத் தடுக்கச் செய்த வேலையே பிளவுக்கு வித்தாகிவிடும். ஆகவே தண்டைச் சுற்றி நான்கு பக்கமும் நோக்கியவையும், ஒன்றுக்கொன்று சிறிது மேலும் கீழுமாக அமைந்தவையும், அகன்ற கோணத்தில் பிரிந்தவையுமாக நான்கைந்து கிளைகளைத் தேர்ந்து, ஏனையவற்றை இளமையிலேயே நீக்கிவிடுக. மறுதாம்பு விடும் பொருட்டு ஓராண்டுக்குப் பின் மரத்தைத் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டும்போதும் இவ்விதியே செல்லும். வெட்டிய தலையைச் சரிவாக விடுக, மழைநீர் தங்கலாகாது.

இளஞ்செடிக்கு ஊன்றுகோல் நட்டால், எட்டு என்னும் எண்ணைப் போலக் கயிற்றைக் குறுக்கே மாற்றித் தளர்வாகக் கட்டுக. இறுக்கிக் கட்டிய கயிறு தண்டை அறுத்துவிடும். காய்ப்பாரம் மிகுந்த கிளைக்குக் கவைக்கோலால் முட்டுக்கொடுத்தலும், முற்றிய காய்களை மரத்தில் தங்கவிடாது பறித்தலும் பாரத்தைக் குறைக்கும் எளிய வழிகள்.

பிளந்த பின் செய்யத்தக்கது

பிளவு புதியதாயும், கிளை பாதிக்குமேல் ஒட்டியும் இருந்தால், இரு பக்கத்தையும் பொருந்த அழுத்தி, வாழை நாராலோ சாக்குப் பட்டையாலோ சுற்றிக்கட்டி முட்டுக்கொடுத்துப் பார்க்கலாம். அக்கிளையின் பாரத்தில் ஒரு பகுதியை உடனே குறைத்துவிடவேண்டும். பெரும்பகுதி கிழிந்துவிட்டாலோ, தயங்காமல் பிளவுக்குக் கீழே கூர்மையான கத்தியால் சரிவாக வெட்டி, அவ்விடத்தில் போர்டோப் பசை பூசுக. மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 10 லிட்டர் என்பது அதன் அளவு. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்துப் பின்னர் சேர்க்கவேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. இம்முறை முருங்கைக்கு ஏற்றது. பருத்தியில் ஒவ்வொரு கிளைக்கும் கட்டுப்போடுதல் கூலிக்குக் கட்டுப்படியாகாது. அங்கே முன்கூட்டிக் காத்தலே வைத்தியம்.

சங்கம் செய்யக்கூடியது

நுனி கிள்ளும் காலம் ஏறத்தாழ ஒரு வாரமே. ஒரே வாரத்தில் ஊர் முழுவதற்கும் ஆள் தேவைப்படுவதால், தனித்து நிற்கும் சிறு விவசாயிக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது காலம் கடந்துவிடுகிறது. ஒருவர்க்கொருவர் ஆள் மாற்றி உதவும் பழைய வழக்கத்தைச் சங்கம் முறைப்படுத்தினால் இத்தொல்லை தீரும். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, விதைத்த தேதியை ஒரு பலகையில் எழுதி, எவர் வயல் எந்த நாளில் என்று குறித்துக்கொள்வதே போதும்.

இன்னொன்றும் கூறவேண்டும். பயிர்க்கடன் பெறும் அங்கத்தினர் விதைக்கும் உரத்துக்கும் கணக்கிடுகிறார். இத்தகைய கைவேலைக்குக் கணக்கிடுவதில்லை. பின்னர் பணமில்லை என்று வேலையை விட்டுவிடுகிறார். கடன் பாரத்தை ஏற்றி வைத்துவிட்டுக் கிளையின் பாரத்தைக் கவனியாது விட்டால் இரண்டும் ஒரே நாளில் முறியும். சாகுபடிச் செலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு சிறு தொகையை முதலிலேயே ஒதுக்குதல் விவேகம். நெசவாளர் சங்கங்களும் தமக்கு வந்த நூலில் கண்ட குறைகளை எழுத்துமூலம் தெரிவித்துவந்தால், விவசாயிகளின் சங்கம் தன் அங்கத்தினருக்கு எடுத்துக்காட்ட ஏதுவாகும். பருத்தி விளைவிப்பவரும் அதனை நெய்பவரும் ஒரே நூலின் இரு முனைகளைப் பிடித்திருப்பவர்கள்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. அகன்ற கோணத்தில் பிரியும் கிளை, குறுகிய கோணத்தில் எழும் கிளையைவிட உறுதியாயிருப்பது எதனால்? உங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு உதாரணங்கள் கொண்டுவருக.

2. உங்கள் வயலில் விதைத்த தேதி எது? அதன்படி நுனி கிள்ளவேண்டிய வாரம் எது? அவ்வாரத்தில் எத்தனை ஆள் தேவை?

3. பிளந்த கிளையின் பருத்தி வெண்மையாயிருந்தும் நல்ல எடுப்போடு சேர்க்கத் தகாதது ஏன்?

4. நெசவாள அங்கத்தினர்கள் சென்ற ஆண்டில் சாயத் துணியில் வெண்புள்ளி கண்டதுண்டா? அந்நூல் எங்கிருந்து வந்தது என்பதை அறியச் சங்கம் என்ன ஏற்பாடு செய்யலாம்?

5. கிள்ளிய வரிசைக்கும் கிள்ளாத வரிசைக்கும் ஒப்புநோக்கும் கணக்கை இவ்வாண்டு உங்கள் ஊரில் யார் யார் எழுத முன்வருவார்கள்? அவர்கள் பெயரை அடுத்த கூட்டத்திலேயே குறிப்பேட்டில் பதிந்துகொள்க.